கணினியின் நினைவுப் பிசகு

ஒரு பொருளிற் பழுது வெளிப்படும் இடம் ஒன்றாகவும், அதன் காரணம் உறையும் இடம் வேறொன்றாகவும் இருத்தல் உலக வழக்கம். எங்கள் ஒலுவில் துறைமுகத்தைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2013ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பெற்ற அத்துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை வழிமறித்தன. துறைமுக வாயிலில் மணல் குவிந்து மீன்பிடிப் படகுகளின் போக்குவரத்துக்குத் தடையாயிற்று; வடபுறத்திலோ கடல் கரையை அரித்தது. வாயிலில் நிற்பவன் மணலை மாத்திரம் காண்கிறான். அம்மணல் எங்கிருந்து, எதனால் வருகிறது என்று வினவுபவனே காரணத்தைக் காண்கிறான்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் துறைமுகமன்று. புதிதாகப் பொருத்தப்பெற்ற கணினி, நினைவகக் கோளாற்றினால் அடிக்கடி நின்றுபோதலும், அதன் காரணத்தைக் கண்டறியும் முறையுமாகும். நான் கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். எனினும் அதிபர் என்ற முறையில் இக்கோளாற்றோடு சில நாட்கள் போராடி, அதனாற் சில உண்மைகளைக் கற்றுக்கொண்டேன். அவற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

எமது பாடசாலை அலுவலகத்துக்கு ஒரு கணினி வேண்டியிருந்தது. முழுமையாகப் பொருத்திய கணினியை வாங்கப் பணம் போதாமையால், பாகங்களைத் தனித்தனியே வாங்கினோம். பழைய மாணவர் ஒருவர் கூலி எதுவும் பெறாது பொருத்தித் தர முன்வந்தார். பாகங்கள் ஒரே தடவையில் வந்து சேரவில்லை. முதலில் வந்த தாய்ப்பலகை, பெட்டி திறந்தபடியே கடற்பக்கச் சாளரத்தின் அருகிற் பல வாரங்கள் கிடந்தது. ஏனைய பாகங்கள் வந்ததும், அவ்விளைஞர் ஒரே மாலையில் அனைத்தையும் பொருத்தி முடித்தார். கணினியும் இயங்கிற்று, எல்லோரும் மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாள், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருக்கும்போது திரை நீல நிறமாகி, ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தல் தோன்றி, கணினி தானாகவே நின்று மீண்டும் தொடங்கிற்று. அன்று நான்கு முறை இவ்வாறு நிகழ்ந்தது. ஒருவர் வைரசு என்றார். மற்றொருவர் விண்டோஸ் சரியில்லை என்றார். மூன்றாமவர், “பொருத்தத் தெரியாத பிள்ளையிடம் கொடுத்ததன் பலன் இது” என்றார். விண்டோசை மூன்று முறை புதிதாக நிறுவினோம். மூன்றாம் முறை நிறுவும்போதே பாதியில் நின்றது. உண்மையைச் சொன்னால், நானும் அந்த மூன்றாமவரின் கூற்றையே நம்பத் தலைப்பட்டேன். கல்முனையில் ஒரு கடைக்குக் கணினியைக் கொண்டுசென்று, கூலி கொடுத்துத் திருத்துவிப்பதென்றும், அவ்விளைஞரை இனி அழைப்பதில்லையென்றும் மனத்துள் முடிவுசெய்துவிட்டேன்.

செய்தி அவர் செவிக்கு எட்டியது. அன்று அஸர்த் தொழுகைக்குப் பின்னர் அவராகவே வந்தார். நடந்தவற்றைப் பொறுமையுடன் கேட்டுவிட்டு, “சேர், மூன்று முறை விண்டோஸ் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழை வந்திருக்கிறது. பிழை விண்டோசில் இருந்தால், ஒரே பிழையல்லவா திரும்பத் திரும்ப வரவேண்டும்?” என்றார். இவ்வினாவே எங்கள் கண்ணைத் திறந்தது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, கணினியின் நினைவகம் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைச் சிறிது அறிதல் நன்று. கணினியில் இருவகை நினைவு உண்டு. வன்றட்டு முதலியன நிலையான ஏடு போன்றவை. ‘றாம்’ எனப்படும் முதன்மை நினைவகமோ, கணக்குப் பார்ப்பவன் கையிலுள்ள கரும்பலகை போன்றது; மின்சாரம் நின்றால் எழுதியது அழிந்துவிடும். இன்று வழங்கும் றாமின் அடிப்படையை 1966ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட் என்பார் கண்டறிந்தார். ஒரு சிறு கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிடிற் பூச்சியம் என்பதே அவர் கண்ட முறை. ஆனால் அக்கொள்ளளவி ஓட்டைக் குடம் போன்றது; மின்னேற்றம் ஓயாது கசிந்துகொண்டிருக்கும். ஆகையால் ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, நிரம்பியிருக்க வேண்டியதை மீண்டும் நிரப்புதல் வேண்டும். 8 கிகாபைற்று றாமில் இத்தகைய குடங்கள் 6,871 கோடிக்கு மேல் உள்ளன. இவற்றில் ஒன்று பிசகினாலும், அல்லது அவற்றை எட்டும் பாதையில் ஓர் இணைப்பு தளர்ந்தாலும், கணினி தவறான விடையைப் பெறும்.

எந்த நிரல் எந்தக் குடத்தைப் பயன்படுத்தும் என்பது வேளைக்கு வேளை மாறும். அதனாலேயே நினைவகக் கோளாறு ஒரு நாள் எழுத்துச் செயலியிலும், மறுநாள் இணையத்திலும், பிறிதொரு நாள் விண்டோசை நிறுவும்போதும் தலைகாட்டுகிறது. ஒரே நிரல் மாத்திரம் எப்போதும் நின்றால், அந்நிரலையே முதலில் ஐயுறுக. நீலத்திரை தோன்றாமற் கணினி திடீரென அணைந்தால், மின்வழங்கியையும் வெப்பத்தையும் முதலில் ஆராய்க. இடமும் பிழையும் மாறி மாறி வந்தாலோ நினைவகத்தைச் சோதிக்க வேண்டும்.

கணினி நின்றுவிடுதல் பெருந்தீமையன்று. நில்லாமலே பிழையான எண்ணைத் தருதல்தான் பெருந்தீமை. ஒரு மாணவியின் புள்ளி 75 என்று கொள்வோம். இரும எண்ணில் அது 1001011 ஆகும். முதலிலுள்ள ஒன்று பூச்சியமாக மாறினால், எஞ்சுவது 11. பிள்ளை சித்தியெய்தவில்லை என்று தேர்ச்சி அறிக்கை கூறும். தகப்பனார் பிள்ளையைக் கடிவார். பிழை எங்கே என்பதை ஒருவரும் அறியார். இது வெறுங் கற்பனையன்று. 2003ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரசெல்சைச் சார்ந்த ஸ்கார்பேக் என்னுமிடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கணினி 4,096 வாக்குகளை மிகையாகக் கணக்கிட்டது. பெற்றிருக்க இயலாத தொகையாக அது இருந்தமையாற்றான் பிழை வெளிப்பட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் தொகை; அதாவது, நினைவகத்தில் ஒரேயொரு பூச்சியம் ஒன்றாக மாறியதன் அடையாளம் என்று ஆராய்ந்தோர் கருதினர்.

இத்தகைய பிசகு எவ்வாறு நேர்கிறது? 1970களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனத்து ஆய்வாளர்களான திமதி மே, மறே வூட்ஸ் ஆகிய இருவரும், நினைவகச் சில்லுகளை மூடியிருந்த பீங்கான் உறையிற் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் அணுக்கள் உமிழும் அல்பாத் துணிக்கைகள் மின்னேற்றத்தைக் குலைப்பதைக் கண்டறிந்தனர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களாலும் அவ்வாறு நிகழும். இவை ஒருமுறை வந்து போகும் பிழைகள். ஆனால் 2009ஆம் ஆண்டில், கூகுள் நிறுவனத்தின் பெருந்தொகையான கணினிகளை ஆராய்ந்து வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, ஆண்டொன்றில் றாம் அட்டைகளில் 8 வீதத்துக்கு மேற்பட்டவை பிழை காட்டின என்றும், அப்பிழைகளிற் பெரும்பாலானவை உறுப்பிலேயே உள்ள நிலையான பழுதால் விளைந்தவை என்றும் கூறிற்று. இது கவலைக்கும் ஆறுதலுக்கும் ஒருங்கே இடமளிப்பது. நிலையான பழுதாயின், அதனைத் தேடிப் பிடிக்கலாம் அன்றோ!

தேடும் முறைக்கு ஒரே விதிதான் உண்டு: ஒரு தடவையில் ஒன்றை மாத்திரமே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எம்மருந்தால் தீர்ந்தது என்பது விளங்காது.

முதற்கண், கணினியைத் தொடங்கியவுடன் தோன்றும் ‘பயோஸ்’ அமைப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். நான்காம் தலைமுறை றாம்களிற் பல, 3200 அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தைப் பெட்டியிற் பறைசாற்றும். அவ்வேகம் பெரும்பாலும் ‘எக்ஸ்.எம்.பி.’ என்னும் தெரிவினாற் பெறப்படுவது, அப்போது 1.2 வோல்ற்றுக்குப் பதிலாக 1.35 வோல்ற்று வழங்கப்படுவதும் உண்டு. தாய்ப்பலகையும் புரொசெசரும் அதனைத் தாங்கவில்லையெனின், குற்றமற்ற றாமும் பிழை காட்டும். அத்தெரிவை அகற்றிய பின்னர் பிழை ஒழிந்தால், வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாவதாக, சோதனை. விண்டோசிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் கருவி உண்டு. அதனினும் நுணுக்கமானது ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்னும் இலவச நிரல். அதனைப் பென் டிரைவ் ஒன்றில் வைத்து, விண்டோசைத் தொடங்காமலே ஓடவிடலாம். பலவகை எண்கோலங்களை நினைவகமெங்கும் எழுதி, திரும்ப வாசித்து, வேறுபாட்டைச் சிவப்பு நிறத்திற் காட்டும். இரவு முழுவதும் ஓடவிடுதல் நன்று. ஒரு பிழைதானே என்று பொறுத்துக்கொள்ளலாகாது. நல்ல நினைவகத்துக்குரிய பிழைத் தொகை பூச்சியமே.

மூன்றாவதாக, அட்டையையும் காடியையும் பிரித்தறிதல். இணைப்பைக் கழற்றி, ஆளியை அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றி, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும். இரண்டு அட்டைகள் இருந்தால், தாய்ப்பலகையின் கையேடு சொல்லும் காடியில் ஒன்றை மாத்திரம் பொருத்திச் சோதிக்க; பின்னர் அதே காடியில் மற்றதைச் சோதிக்க. அதன்பின் காடியை மாற்றுக. பிழை அட்டையோடு செல்லுமாயின் அட்டை குற்றமுடையது. உத்தரவாதக் காலத்துள் மாற்றிக்கொள்ளலாம். எந்த அட்டையை இட்டாலும் குறித்த காடியிலேயே பிழை நிற்குமாயின், அக்காடியையோ, தாய்ப்பலகையையோ, நினைவகத்தை ஆளும் பகுதியைத் தன்னுள் கொண்ட புரொசெசரையோ ஆராய்தல் வேண்டும். தனித்தனியே நன்றாக இருந்து, இரண்டும் சேர்ந்தால் மாத்திரம் பிழை வருமாயின், அவை ஒன்றோடொன்று இணங்காதவை. ஒரே பொதியாக விற்கப்படும் இணையை வாங்குதல் நன்று. ஐந்தாம் தலைமுறை றாம் பொருத்திய கணினி, முதன்முதல் இயக்கும்போது சில நிமிடங்கள் இருண்ட திரையுடன் இருக்கக்கூடும். அது பழுதன்று, நினைவகத்தோடு பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

எங்கள் கணினியை அவ்விளைஞர் இம்முறைப்படியே ஆராய்ந்தார். பயோசை மாற்றியும் பிழை ஒழியவில்லை. இரண்டு அட்டைகளும் இரண்டாங் காடியிற் பிழையின்றித் தேறின. நான்காங் காடியிலோ இரண்டும் தவறின. அட்டைகள் குற்றமற்றவை, பொருத்தியவரும் அவற்றை முறையாகவே பொருத்தியிருந்தார். கைவிளக்கின் ஒளியிற் காடியை நோக்கினோம். சாளரத்தருகே திறந்து கிடந்த வாரங்களிற் கடற்காற்றோடு வந்த நுண்மணலும் உப்பீரம் கலந்த தூசியும், காடியின் உட்புறத்தில் மெல்லியதாகப் படிந்திருந்தன. காற்றூதியால் அதனை அகற்றி, அட்டையின் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரொபைல் மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் இருபுறமும் பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினார். அன்றிரவு முழுவதும் சோதனை ஓடிற்று. காலையிற் பிழைத் தொகை பூச்சியம் என்றிருந்தது.

ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. நினைவகம் நோயுற்றிருந்த நாட்களில் எழுதப்பட்ட ஏடுகளை நம்பலாகாது. ஆகவே விண்டோசை இறுதியாக ஒருமுறை நிறுவி, பதிந்த புள்ளிகள் யாவற்றையும் ஆசிரியர்களின் கைப்பட எழுதிய புள்ளிப் பதிவேட்டோடு ஒப்புநோக்கினோம். கைப்பதிவேடு பழைமை என்று எண்ணியிருந்த நான், அன்று அதன் அருமையை உணர்ந்தேன். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகமும் உண்டு. 1950இல் றிச்சட் ஹமிங் வகுத்த கணித முறையை அடியொற்றி, 64 துணுக்குகளோடு மேலும் 8 துணுக்குகளைக் காவலாக வைத்து, ஒற்றைப் பிழையை அது திருத்திவிடும். ஆனால் எங்களைப் போன்றோர் வாங்கும் சாதாரண கணினிகளிற் பெரும்பாலும் அவ்வசதி இருப்பதில்லை. நமக்குக் காவல், மறுபிரதியும் ஒப்புநோக்கலுமே.

அவ்விளைஞரை ஆசிரியர் கூட்டத்துக்கு அழைத்து, அவர் கையாற் பிழை நேரவில்லை என்பதை யாவரும் அறியக் கூறினேன். கூலி பெறாது உதவ வந்தவருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த கடன் அதுவே. அவருடைய சோதனை முறையைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்களுக்கும் செய்து காட்டுமாறு வேண்டினேன், அவரும் இசைந்தார்.

நேயர்களே, புதிய கணினி நின்றுபோனால் மனிதரைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. அதற்குச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. காரணத்தைக் காண்பதற்கோ ஓர் இரவின் பொறுமை வேண்டும். அவ்வோர் இரவு பொறுத்தால் இயந்திரமும் பிழைக்கும். அதனைப் பொருத்தியவரின் நற்பெயரும் பிழைக்கும்.