ஏழையின் கட்சியும் கறுப்பரின் வாக்கும்

ஏழைகளின் வயிற்றுப்பாட்டைத் தீர்ப்பதாகப் புறப்படும் கட்சிகள், சிறுபான்மையோரின் உரிமை என்ற பேச்சு எழுந்ததும், "கூலி, விலை, கடன் ஆகியவற்றை முதலில் கவனிப்போம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சமாதானம் சொல்வது வழக்கம். அந்தச் சமாதானத்தின் பலாபலனை அறிய விரும்புவோர் அமெரிக்காவின் ஜார்ஜியா ராஜ்யத்து டாம் வாட்ஸனின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் அங்கே பருத்தி பயிரிட்ட ஏழைக் குடியானவன், வெள்ளையனாயினும் கறுப்பனாயினும், வரப்போகும் விளைச்சலைக் கடைக்காரனிடம் ஈடு வைத்தே சோள மாவும் பன்றி இறைச்சியும் உரமும் வாங்கினான்; ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடிய ஒரு விலை என்று எழுதப்பட்ட கணக்கில், பஞ்சை எடை போட்டுக் கொடுத்த பின்னும் பாக்கி நின்றதால், மறு வருஷமும் அதே கடைப்படியை மிதித்தான். இந்தத் தளை இருவருக்கும் பொது என்று கண்ட வாட்ஸன், 1892இல் குடியானவர்களின் கட்சியான மக்கள் கட்சியின் அபேட்சகராக நின்றபோது, இரு நிறத்தாரையும் பிரித்து வைத்திருப்பது இருவரையும் தனித்தனியே கொள்ளையடிப்பதற்காகவே என்று பேசினார். அவருக்காகப் பிரசாரம் செய்த கறுப்பினப் போதகர் ஒருவரின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது, வாட்ஸன் அவருக்கு அடைக்கலம் அளிக்க, வெள்ளைக் குடியானவர்கள் துப்பாக்கி ஏந்தி வந்து காவல் இருந்தார்கள். சமூக சமத்துவத்தை அவர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் அக்காலத்து ஜார்ஜியாவில் இது சாமானிய காரியமன்று.

மோசடி மலிந்த தேர்தல்களில் தோற்றுச் சலித்த அவர், கறுப்பரின் வாக்கை அகற்றிவிட்டால் வெள்ளை ஏழைகள் கறுப்பர் ஆதிக்கம் வந்துவிடுமோ என்ற பயமின்றித் தம் நலனுக்கு வாக்களிப்பார்கள் என்று கணக்கிட்டு, அவ்வாக்கைப் பறிப்பதாகச் சொன்ன ஹோக் ஸ்மித்தை 1906இல் கவர்னர் பதவிக்கு ஆதரித்தார். 1908இல் சட்டமும் வந்தது. அதில் வெள்ளையர் நுழைந்து போகச் சில சந்துகள் விடப்பட்டிருந்தன என்பது மெய்தான். ஆனால் பழைய வருஷங்களின் பாக்கியையும் சேர்த்துக் கட்டினாலன்றி வாக்களிக்க விடாத தலைவரி, 1945 வரை அசையாமல் நின்று, ரொக்கத்தைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த வெள்ளைக் குடியானவனையும் சாவடிக்கு வெளியே நிறுத்தியது. வாட்ஸனோ கத்தோலிக்கர்மீதும் யூதர்மீதும் துவேஷம் பரப்பி, 1920இல் செனட்டரானார்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்திலும் இதே கதைதான். 1935இன் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் விலக்கப்பட்டனர்; தெற்கத்தியப் பிரமுகர்களின் நிர்ப்பந்தம் என்பாரும், நிர்வாகச் சிரமம் என்பாரும் உண்டு. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் அதனால் வெளியே நின்றார்கள். தலைக்கணக்கில் அவர்களைவிட அதிகமான வெள்ளை ஏழைகளும் உடன் நின்றார்கள்.

ஆகவே, சலுகைக்கு எவ்வளவு, உரிமைக்கு எவ்வளவு என்று பேரம் பேசும் கட்சி தொடக்கத்திலேயே தவறுகிறது என்பது என் அபிப்பிராயம். யாரையும் விலக்காத விதியைத் திட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுவதே விவேகம். ரயில் படுக்கை வண்டிப் பணியாளர் சங்கத் தலைவர் ராண்டால்ஃப், 1941இல் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வரப்போவதாக அறிவித்துக் கேட்டவற்றுள் முக்கியமானது யுத்தத் தளவாடத் தொழிற்சாலைகளில் கறுப்பருக்கு வேலை. அது வயிற்றின் கோரிக்கையா, உரிமையின் கோரிக்கையா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஜூன் 25 அன்று அங்கே இனபேதம் கூடாதென்ற உத்தரவில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார், ஊர்வலம் நின்றது. படையிலும் பேதம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் 1948இல் ஜனாதிபதி ட்ரூமனின் உத்தரவு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.