இரண்டு கோபுர உயரத்தில் ஒரு மரம்!

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? 1509ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய அந்தக் கோபுரத்தின் உயரம் 192 அடி. மீட்டரில் சொன்னால், 58க்கும் சற்று அதிகம். அதன் தலை மேல் அதே அளவில் இன்னொரு கோபுரத்தைத் தூக்கி வைத்தால் எவ்வளவு உயரம் வரும்? கிட்டத்தட்ட அந்த உயரத்தில் ஒரு மரம் நிற்கிறது!

அமெரிக்காவில், கலிஃபோர்னியா காட்டில் உள்ள அந்த மரத்தின் பெயர் ஹைபெரியன். ரெட்வுட் என்ற இனம். (நம் ஊர் செம்மரம் வேறு, இது வேறு.) உயரம் 116 மீட்டர். ஆறு கஜம் பட்டுச் சேலைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக உச்சியில் இருந்து தொங்கவிட்டால், தரையைத் தொட 22 சேலைகள் வேண்டும்.

'அதெல்லாம் சரி, அவ்வளவு பெரிய மரத்தை எப்படி அளந்தார்கள்?' என்றுதானே கேட்கிறீர்கள்? முதலில் நம் ஊர் மரம் ஒன்றை அளந்து பார்த்து விடுவோம்.

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றுப் பக்கம் மாகறல் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் சிவன் கோயில் கதையில், நாளுக்கு ஒரு பழம் தரும் பலாமரம் வரும். நாம் அளக்கப் போவது அதை அல்ல, ஒரு பனைமரத்தை! சமதரையில் நிற்கிற மரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் நீளக் குச்சியை வெயிலில் நேராக நிறுத்துங்கள். அதன் நிழல் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். உடனே ஓடிப்போய்ப் பனையின் நிழலை அளந்து விடுங்கள். தாமதித்தால் சூரியன் நகர்ந்து விடும்! நிழல் 12 மீட்டர் என்றால், 12ஐ 0.8ஆல் வகுத்தால் போதும். பனையின் உயரம் 15 மீட்டர். சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் தேல்ஸ், எகிப்து பிரமிடின் உயரத்தை நிழலை வைத்துத்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள்.

வெயில் இல்லாவிட்டால்? சதுரக் காகிதம் ஒன்றை மூலைக்கு மூலை மடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். அதன் ஒரு குட்டைப் பக்கம் தரைக்கு இணையாகவும், இன்னொரு குட்டைப் பக்கம் உங்களுக்கு எதிரில் செங்குத்தாகவும் இருக்கும்படி கண்ணருகே பிடித்து, சாய்ந்த ஓரத்தின் வழியே மேலே பாருங்கள். மரத்தின் உச்சி அந்தக் கோட்டில் சரியாகத் தெரியும் வரை பின்னால் நடந்து செல்லுங்கள். (பின்னால் கிணறு, பள்ளம் இல்லையே என்று பார்த்து விட்டு!) நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்து மரம் வரை உள்ள தூரத்தோடு, தரையில் இருந்து உங்கள் கண் வரை உள்ள உயரத்தைக் கூட்டினால், அதுதான் மரத்தின் உயரம். அதே பனைக்கு 13.60 மீட்டர் தூரமும், 1.40 மீட்டர் கண் உயரமும் வந்தால், மறுபடியும் 15 மீட்டர். இரண்டு கணக்கும் ஒத்துப் போனால் நிம்மதி!

பனைக்கு இது சரி. காட்டு மரத்துக்கு இந்த வித்தை பலிக்காது. நெருக்கமான காட்டில் ஒரு மரத்தின் நிழல் தனியாக விழாது. உச்சி எது என்பதும் தெரியாது. உங்கள் பக்கம் 5 மீட்டர் நீட்டிக் கொண்டிருக்கும் கிளை நுனியை உச்சி என்று எடுத்துக் கொண்டால், காகித முக்கோணக் கணக்கில் 5 மீட்டர் கூடுதலாக வந்து விடும். அளக்கத் தெரிந்த பெரியவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

வெறும் பேச்சில் வளர்ந்த மரங்களும் உண்டு. 19ம் நூற்றாண்டில், ஆஸ்திரேலியாவில் 400 அடிக்கு மேல் மரங்கள் உள்ளன என்று பலர் பெருமை பேசினர். 1888ல் மெல்போர்னில் பெரிய கண்காட்சி நடந்தபோது, அப்படி ஒரு மரத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தனர். தேடித் தேடி அளந்ததில், மிக உயரமான மரம் 326 அடிதான் இருந்தது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை!

இப்போது தேடுவது விமானத்தில் இருந்து. விமானம் காட்டின் மேல் பறந்தபடி லேசர் கதிர்களைக் கீழே அனுப்பும். இலையில் பட்டுத் திரும்பும் நேரத்தையும், தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தையும் ஒப்பிட்டால் உயரம் தெரிந்து விடும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், 2008ல் இப்படி ஒரு யூகலிப்டஸ் மரம் சிக்கியது. உயரம் 99.6 மீட்டர். சதத்துக்கு 40 சென்டிமீட்டர் பாக்கி! ஆனாலும், 'செஞ்சூரியன்' என்றே பெயர் வைத்து விட்டனர். பத்து ஆண்டு கழித்து, 2018ல் அளந்தபோது 100.5 மீட்டர். அவுட் ஆகாமல் சதம் அடித்து விட்டது. அடுத்த ஆண்டு காட்டுத்தீயில் அடிமரம் கருகியும், பிழைத்துக் கொண்டது.

லேசர் சொன்னாலும், 'நாடா பிடித்துப் பார்த்தாயா?' என்றுதான் கேட்பார்கள். மலேசியாவின் சபா மாநிலக் காட்டில், லேசர் காட்டிக் கொடுத்த 'மெனாரா' என்ற மரத்தில், 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்பவர் கயிறு கட்டி ஏறினார். மெனாரா என்றால் மலாய் மொழியில் கோபுரம். உச்சியில் இருந்து நாடாவைத் தொங்கவிட்டார். 100.8 மீட்டர்! ஆனால், மரம் சரிவில் நிற்கிறது. அடிமரத்தின் எந்த இடத்தில் இருந்து அளப்பது? அதனால், 98.53 மீட்டர் என்று இன்னொரு கணக்கும் உண்டு.

ஆசியாவின் உயரமான மரம் என்ற பெயரை, 2023ல் திபெத்தில் கண்டுபிடித்த சைப்ரஸ் மரம் தட்டிச் சென்றது. உயரம் 102.3 மீட்டர். நம் பிரம்மபுத்திரா நதி அங்கே யார்லுங் சாங்போ என்ற பெயரில் பாய்கிறதே, அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில்தான் அது நிற்கிறது.

மரம் எவ்வளவு உயரம்தான் போகும்? வேரில் இருந்து நீர் உச்சி இலைக்கு ஏற வேண்டுமே! அதற்கும் எல்லை உண்டு. ரெட்வுட் மரங்களை ஆராய்ந்தவர்கள், 122 முதல் 130 மீட்டருக்கு மேல் எந்த மரமும் போக முடியாது என்று 2004ல் கணக்கிட்டனர்.

மீண்டும் ஹைபெரியனுக்கு வருவோம். 2006 ஆகஸ்ட் 25ல் அதைக் கண்டுபிடித்தவர்கள் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரு காட்டு ஆர்வலர்கள். அந்த ஆண்டே ஸ்டீஃபன் சில்லெட் என்ற விஞ்ஞானி ஏறி, நாடா விட்டு அளந்தார். 115.55 மீட்டர். மரம் இருக்கும் இடத்தை வெளியே சொல்லவில்லை. ரகசியம் தங்குமா? இடத்தைத் துப்பறிந்து, பாதையே இல்லாத காட்டில் கூட்டம் வந்தது. மிதிபட்டு மிதிபட்டு, மரத்தைச் சுற்றி இருந்த பெரணிச் செடிகள் அழிந்தன. மண் இறுகியது. இந்த வகை மரத்தின் வேர் ஆழமாக இறங்காது, மேலாகப் பரவும். அதனால் பூங்கா நிர்வாகம் 2022ல் அந்தப் பகுதியையே மூடியது. மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை!

நமக்கு அருகிலும் ஒரு புகழ்பெற்ற மரம் உண்டு. பொள்ளாச்சியில் இருந்து டாப்ஸ்லிப் வழியாகப் போனால், கேரளாவின் பரம்பிக்குளம் காடு. அங்கே உள்ள கன்னிமாரா தேக்கின் பெருமை உயரத்தில் இல்லை, பருமனில்! சுற்றளவு ஆறரை மீட்டருக்கு மேல். மத்திய அரசின் 'மகாவிருக்ஷ' விருது பெற்ற மரம் அது. வெட்ட முயன்றபோது ரத்தம் கசிந்ததாகவும், அதனால் பழங்குடி மக்கள் அதை வணங்கத் தொடங்கியதாகவும் கதை சொல்கிறார்கள். சுற்றிலும் இருந்த தேக்குகள் வெட்டப்பட்ட பிறகும், அந்த மரத்தின் மீது மட்டும் யாரும் கோடரி வைக்கவில்லை.