முதல் செதுக்கலுக்கு எந்த பர்?

பனியனுக்குப் பெயர்போன திருப்பூரில், அவிநாசி சாலையை ஒட்டிய அனுப்பர்பாளையம் மட்டும் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களால் அறியப்படும் ஊர். அங்குள்ள பட்டறைகள் சுழற்சியை இரு வகையாகப் பயன்படுத்துகின்றன: கடைசல் எந்திரத்தில் பாத்திரம் சுழல, அசையாமல் பிடித்த உளி அதன் மேற்பரப்பைச் சீவுகிறது, பாலீஷ் மோட்டாரில் சக்கரம் சுழல, தொழிலாளி பாத்திரத்தைக் கையால் அதன்மேல் அழுத்துகிறார். மின்கருவியால் மரம் செதுக்குவது மூன்றாவது வகை. இதில் மரம் அசையாதிருக்க, சுழலும் கருவியே கையில் பிடிக்கப்பட்டு மரத்தின் எந்தப் பக்கத்துக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. அக்கருவியின் முனையில் பொருத்தப்படும் பல்வைத்த சிறு உலோகத் தலையே பர். அதன் பின்னால் நீளும் கம்பி தண்டு. தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட குழல் காலெட்.

தமிழ்நாட்டின் மரச்சிற்ப மரபு உளியையும் கொட்டாப்புளியையும் நம்பி வளர்ந்தது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021-இலும் புவிசார் குறியீடு பெற்றன. அரும்பாவூரில் பயன்படும் மரங்களுள் வாகையும் வேம்பும் அடங்கும். இவ்விரு மரங்களிலும் இழைகள் நேராக ஓடாமல் அடுக்குக்கு அடுக்கு திசைமாறிப் பின்னிக்கொள்வதால், ஒரு பக்கம் வழுக்கிச் செல்லும் உளி அடுத்த விரற்கடையிலேயே இழையைப் பிய்த்துக்கொண்டு போகக்கூடும். பர் இழையைப் பிளந்து முன்னேறுவதில்லை. ஒவ்வொரு பல்லும் ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி எறிவதால், இழையின் போக்கைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதற்காக முழுக்கட்டையையும் பர் கொண்டே கரைப்பது வீண்வேலை. வாளும் வாய்ச்சியும் நிமிடங்களில் நீக்கும் மரத்தை பர் தூசியாக்கி முடிக்க வெகுநேரமாகும். அவை விட்ட இடத்திலிருந்துதான் அதன் பணி தொடங்குகிறது.

முதற்கட்டச் செதுக்கலுக்கான பர்ரைத் தேர்வதில் பெரும்பாலோர் பார்ப்பது பல்லின் கூர்மையை. ஆனால் முதலில் பார்க்கவேண்டியது பற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையே. பல் கிள்ளிய துணுக்கு வெளியேற வழியில்லாவிட்டால் அது இடைவெளியிலேயே அடைந்து இறுகும். பிறகு பல் மரத்தைத் தொடுவதில்லை, அடைந்த தூள்தான் மரத்தை உரசுகிறது. உரசலின் சூட்டில் மரம் கருகுகிறது. கோவை வட்டாரத்து வார்ப்படப் பட்டறைகளில் பிசிறு நீக்கப் பயன்படும் கார்பைடு பர்கள் எளிதில் கிடைப்பதால் மரத்துக்கும் அவற்றையே வாங்குவோர் உண்டு. அவற்றுள் எஃகுக்கெனச் செய்யப்பட்ட, குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாக வரிவெட்டிய வகை மரத்தில் விரைவில் அடைத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கென ஆழமாகவும் அகலமாகவும் வரிவெட்டிய வகை அதைவிட நன்றாகவே வேலை செய்யும். மரத்துக்கென்றே உருவான முரட்டு வகை வேறு. குட்ஸால், சபர்டூத் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் அந்த பர்களில், எஃகுத் தலையின்மேல் டங்ஸ்டன் கார்பைடு முட்கள் பலாக்காய்த் தோலைப்போல் தனித்தனியே நிற்கின்றன. ஒவ்வொரு முள்ளையும் சுற்றித் தூள் விழ இடமிருப்பதால் அடைப்பு குறைவு, அடைத்தாலும் கம்பித்தூரிகையால் தேய்த்தால் போதும். கார்பைடு என்பது டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்களைக் கோபால்ட்டால் பிணைத்த பொருள். தேக்கு மரத்திலுள்ள சிலிக்கா சாதாரண எஃகின் முனையை மழுக்கிவிடும். கார்பைடு அதைத் தாங்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். வைரத்தூள் பூசிய பர்கள் மெருகேற்றும் கட்டத்துக்கு உரியவை. மலிவாகக் கிடைக்கிறதென்று அவற்றை முதற்செதுக்கலுக்கு வாங்குவது பணத்தையும் பொறுமையையும் சேர்த்து இழப்பதாகும்.

அடுத்தது அளவு. தலையின் விட்டம் கூடக்கூட அதன் விளிம்பு ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் கூடுகிறது. நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழலும்போது 3 மி.மீ. உருண்டையின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் மரத்தை வருடுகிறது, 20 மி.மீ. உருண்டையின் விளிம்போ சுமார் 940 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஆகவே செதுக்கும் பள்ளத்தில் நுழையக்கூடிய மிகப் பெரிய பர்ரையே எடுக்கவேண்டும். ஆனால் அதைச் சுழற்றும் வேகத்தைக் குறைக்கவேண்டும். பெரிய தலைக்கு மெல்லிய தண்டு ஆகாது. சிறு கைக்கருவிகளின் 3.2 மி.மீ. தண்டில் கனத்த தலையை ஏற்றி உச்ச வேகத்தில் ஓட்டினால் தண்டு வளைந்து, தலை சாட்டையாய்ச் சுழன்று கையைத் தாக்கும். முரட்டு வேலைக்கு 6 மி.மீ. தண்டும் அதை ஏற்கும் டை கிரைண்டரோ, மோட்டாரைத் தொங்கவிட்டு நெகிழ்தண்டால் சுழற்சியைக் கைப்பிடிக்குக் கடத்தும் கருவியோ தேவை. உறையில் அச்சிட்ட உச்ச வேகத்தை மீறாமலும், தண்டைக் காலெட்டுக்குள் இயன்றவரை ஆழமாகச் செருகியும் ஓட்டுவது கட்டாயம்.

வடிவத்தில் அதிகம் குழம்பத் தேவையில்லை. உருண்டை பள்ளம் தோண்டும். உருளை புடைத்த பரப்பைச் சீராக்கும். சுடர் வடிவம் இரண்டுக்கும் ஓரளவு உதவி, மடிப்புகளுக்குள்ளும் நுனியை நுழைக்கும். சுழலும் பர் ஒரு சக்கரம்போல் ஒரு பக்கமாக உருண்டோட முயலும்; அப்பக்கமே தள்ளினால் பல் மரத்தில் ஏறிக் கருவியைப் பறித்துக்கொண்டு ஓடும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அடங்கி வெட்டும். கட்டையின் கூரிய விளிம்பில்தான் இந்தத் துள்ளல் அதிகம். விளிம்பை முதலில் லேசாக மழுக்கிக்கொள்வது நல்லது. புதிதாகத் தொடங்குவோர் நாற்பது பர் அடங்கிய பெட்டியை வாங்குவதைவிட, 6 மி.மீ. தண்டுள்ள முள்வகைச் சுடர் ஒன்றும் உருண்டை ஒன்றும் தரமாக வாங்குவதே சரி.

உளி சீவலைத் தருகிறது. பர் காற்றில் மிதக்கும் தூளைத் தருகிறது. வாகையின் தூள் தும்மலை வரவழைப்பது மரவேலை செய்வோர் அறிந்ததே. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது. எனவே பர்ருக்குச் செலவிடுவோர் என்95 முகக்கவசத்தையும் கண்ணாடியையும் அதே பட்டியலில் எழுதிக்கொள்ளட்டும்.