மூலிகைப் பொடிக்கும் பில் கேளுங்கள்

“மூலிகைதானே, ஆட்டை என்ன செய்துவிடும்?” என்பவர்களுக்கு மசினகுடி, கூடலூர் பக்கம் வேலியோரத்திலேயே பதில் பூத்து நிற்கிறது: உண்ணிச்செடி. பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்ததும் பசித்த ஆடு அதில் வாய் வைக்கும். இலையிலுள்ள லான்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். ஆடு அசைபோடாது, புழுக்கை இறுகும், கண் மஞ்சளாகும். வெயில் பட்ட காதும் மூக்கும் வெந்து தோல் உரியும். பெருவயிறு அசையாமல் நின்றுவிடுவதால் தின்ற இலை அங்கேயே கிடந்து, நாள்கணக்கில் நஞ்சு உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும். உடனே ஆட்டை நிழலில் கட்டிவிட்டு கால்நடை உதவி எண் 1962-க்கு போன் செய்யுங்கள். நஞ்சை உறிஞ்சும் கரித்தூளை எவ்வளவு கொடுப்பது என்பதை கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கும் செரிமானப் பொடிக்கும் இதே எச்சரிக்கை தேவை. பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. ஆட்டுக்குத் தெம்பு பெரும்பாலும் அதிலிருந்துதான். பூந்திக்கொட்டையின் சப்போனின், கருவேலங்காயின் டானின், ஊட்டித் தைலம் எல்லாமே அந்த நுண்ணுயிர்கள்மீது வேலை செய்பவை. அளவாகப் போனால் மீத்தேன் குறையலாம், புரதம் வீணாகாமல் குடலுக்குப் போகலாம். மிஞ்சினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்களே சாகும். ஆடு தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். “ஒரு கைப்பிடி போடுங்க” என்று மட்டும் சொல்லி விற்கும் பொடியை நான் வாங்கமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை கிலோ ஆட்டுக்கு எத்தனை கிராம், தயாரித்தவர் யார், தொகுதி எண் என்ன என்பது பையில் அச்சாகியிருக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். வயிற்று உப்புசத்துக்கு எண்ணெய் புகட்டும்போது தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியாவில் ஆடு போய்விடும்.

பொடியால் ஆடு செத்தது என்று சந்தேகமா? மிச்சப் பொடியைப் பையோடு கட்டி வையுங்கள். புதைப்பதற்கு முன் அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். பிழைப்புக்காகத் தானே ஆடு வளர்ப்பவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். “நீ வியாபாரி” என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. பில் இல்லாவிட்டால் வழக்கு தள்ளாடும்.

காப்பீடு செய்த ஆடென்றால் காதுத் தோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். தோடு இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை என்பது காப்பீட்டு நிபந்தனை.