திரும்பத் திரும்ப ஒரே காட்சி ஏன்?

அமெரிக்கப் பத்திரிகையாளர் ரான் சஸ்கைண்டின் இளைய மகன் ஓவன். மூன்று வயதை ஒட்டி அவனுடைய பேச்சு நின்றுபோனது. ஆட்டிசம் என்றார்கள் மருத்துவர்கள். எதிலும் ஒட்டாத அந்தக் குழந்தை டிஸ்னியின் கார்ட்டூன் படங்களை மட்டும் விடவில்லை. 'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தில், கடல் சூனியக்காரி, நாயகி ஏரியலிடம் விலையாக அவள் குரலைக் கேட்கும் இடம் வந்தால் போதும், கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்ப்பான். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பான். பொருளில்லாத ஓசை என்றே வீட்டார் நினைத்தார்கள். ஒருநாள்தான் பிடிபட்டது, அது அந்தச் சூனியக்காரியின் வசனம். பேச்சை இழந்த சிறுவன், குரலை இழக்கும் பெண்ணின் காட்சியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஓவனுக்கு ஆறு வயதானபோது அண்ணனின் பிறந்தநாள் வந்தது. விருந்து முடிந்து அண்ணன் முகம் வாடியதைப் பார்த்தவன், டிஸ்னி படங்களில் வரும் மௌக்லியைப் போல, பீட்டர் பேனைப் போல அண்ணனுக்கும் பெரியவனாக விருப்பமில்லை என்றான். அப்பா திகைத்துப்போனார். அன்றிரவு 'அலாவுதீன்' படத்துக் கிளி இயாகோவின் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் ஒளிந்து, கிளியின் குரலில் மகனிடம் பேச்சுக் கொடுத்தார். தான் மகிழ்ச்சியாக இல்லை, தனக்கு நண்பர்கள் இல்லை என்று கிளியிடம் மனம்விட்டுச் சொன்னான் ஓவன். இந்தக் கதையை சஸ்கைண்ட் 2014-இல் புத்தகமாக எழுதினார். 2016-இல் 'லைஃப், அனிமேட்டட்' என்ற ஆவணப்படமும் வந்தது.

கேட்டதையே திருப்பிச் சொல்வதை மருத்துவம் 'எக்கோலாலியா' என்கிறது. இது அர்த்தமற்ற பழக்கம், நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே நெடுநாள் இருந்தது. பேரி பிரிசண்ட், ஜூடித் டுச்சன் என்ற ஆய்வாளர்கள் 1981-இல் இதை மாற்றிப் பார்த்தார்கள். உரையாடலில் தன் முறைக்குப் பேச, ஆமாம் என்று சொல்ல, ஒன்றைக் கேட்டு வாங்க என்று குழந்தைகள் இதைப் பல விதமாகப் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். படத்து வசனமும் அப்படித்தான். சொந்தச் சொல் வராத இடத்தில் கைக்கு எட்டும் சொல் அது.

கார்ட்டூன் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? யேல் பல்கலைக்கழகத்தின் அமி கிளின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை கிடைக்கிறது. 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வூல்ஃப்?' (1966) படக் காட்சிகளைப் போட்டு, பார்ப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் நடிகர்களின் கண்களையே பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் பார்வை வாயிலும் உடலிலும் பொருள்களிலும் நின்றது. ஒரு காட்சியில் ஒருவர் சுவரில் இருக்கும் ஓவியத்தைக் கைகாட்டி, வரைந்தது யார் என்று கேட்கிறார். மற்றவர்களின் கண்கள் விரல் காட்டிய திசையில் உடனே போயின. ஆட்டிசம் உள்ள பார்வையாளரோ, கேள்வி காதில் விழுந்த பிறகே எந்த ஓவியம் என்று சுவர் முழுக்கத் தேடினார்.

கார்ட்டூனில் அந்தத் தேடல் குறைவு. பெரிய கண்கள், ஐயமில்லாத முகபாவம், அதே உணர்ச்சியைச் சொல்லும் இசை. எத்தனை முறை போட்டாலும் அது மாறுவதும் இல்லை. இதே வழியில் கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் குழு, வாகனங்களுக்கு மனித முகம் பொருத்திய 'தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' என்ற தொடரை உருவாக்கியது. நான்கு வாரம் அதைப் பார்த்த, ஆட்டிசம் உள்ள 4 முதல் 7 வயதுக் குழந்தைகள் உணர்ச்சிகளை இனங்காணும் சோதனைகளில் தங்கள் வயதொத்த மற்ற குழந்தைகளுக்கு நிகராக வந்தார்கள் என்று 2010-இல் முடிவு வெளியானது.

இதை வைத்து ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உணர்ச்சி புரியாது என்று சொல்லிவிடக் கூடாது. புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, அவர்களைப் புரிந்துகொள்ள மற்றவர்களும் தடுமாறுகிறார்கள் என்று 2012-இல் வாதிட்டார் டேமியன் மில்டன். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் அவர்.

திரைப்படங்களும் இப்படித் தடுமாறியிருக்கின்றன. 'ரெயின் மேன்' (1988) ஆட்டிசத்தை உலகறியச் செய்தது. ஆட்டிசம் என்றால் கணக்குப் புலி என்ற தப்பெண்ணத்தையும் சேர்த்தே பரப்பியது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலான கிம் பீக்குக்கு இருந்தது ஆட்டிசமே அல்ல. அவருடைய மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றை பிறவியிலேயே இல்லை. ஆட்டிசம் உள்ள கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் தன்னைக் கண்டுகொண்டது, 'ஸ்டார் ட்ரெக்'கில் மனிதர்களைப் புரிந்துகொள்ள முயலும் இயந்திர மனிதன் டேட்டாவிடம். ஓவன் நாயகர்களை விட்டு, அவர்களின் துணைப் பாத்திரங்களையே வரைந்து குவித்தான். ஒரு பாத்திரத்தில் ஒருவர் தன்னைக் காண, அதற்கு நோய்ப்பெயர் சூட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. அதன் தவிப்பு தன் தவிப்பாக இருந்தால் போதும்.

படம் பார்ப்பது சிகிச்சை ஆகிவிடாது. ஓவனுக்கு நடந்தது எல்லாக் குழந்தைக்கும் நடக்கும் என்றும் இல்லை. ஆனாலும் பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தை எந்தக் காட்சியை விடாமல் பார்க்கிறது, எந்த வசனத்தை எப்போது சொல்கிறது என்று குறித்துவையுங்கள். அதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வசனத்தை நீங்கள் சொல்லிப் பாருங்கள். குழந்தை திரும்பி உங்களைப் பார்த்தால், உரையாடல் தொடங்கிவிட்டது.