கொள்கலனுக்குள் ஒரு காமிக்ஸ் அலமாரி

1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைச் சொந்தமாக ஸ்கேன் செய்து வைத்திருப்போருக்குக் கோம்கா என்ற இலவச வழங்கி உதவும். ஒவ்வொரு இதழின் பக்கங்களையும் ஜிப் கோப்பாக்கி, பின்னொட்டை சிபிஇசட் என்று மாற்றினால் போதும். வீட்டுக் கணினியில் அது ஓடும். கைப்பேசி உலாவியில் படிக்கலாம். நிறுத்திய பக்கத்தையும் அது குறித்துக்கொள்ளும்.

டாக்கர் கொள்கலனில் ஓட்டினால் ஜாவாவைத் தனியாக நிறுவும் தொல்லையில்லை. ஆனால் கொள்கலன் வாடகை வீடு மாதிரி. பதிப்பு மாறும்போது பழையதை நீக்கிப் புதியதை எழுப்புகிறோம். உள்ளேயே விட்டவை கூட வருவதில்லை. ஆகவே இரண்டு அடைவுகளை வெளியிலிருந்து இணைக்கவேண்டும். ஒன்று டேட்டா, அதில் புத்தகங்கள். மற்றது கான்ஃபிக். பயனர் கணக்கும் படித்த இடமும் இதில்தான் பதியும், மறக்கப்படுவதும் இதுதான்! புத்தக அடைவைப் 'படிக்க மட்டும்' என்றே நான் இணைப்பேன். கான்ஃபிக்கை வலைப்பகிர்வு வட்டில் வைக்காதீர்கள், அதிலுள்ள எஸ்க்யூலைட் தரவுத்தளம் பழுதாகலாம். பிறகு 25600 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டுப் படிக்க உட்காரலாம்.