தேஷும் பிதேஷும்

சிங்கப்பூரில் தமிழர்கள் தேக்கா என்று அழைக்கும் லிட்டில் இந்தியாவில், லெம்பு ரோடு திடல் பக்கம் ஞாயிறு மாலை போனால் வங்காள மொழிதான் காதில் விழும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைத்த வங்கதேசத்து இளைஞர்கள் ஊர்க் காய்கறியும் இலிஷ் மீனும் தேடி அங்கே கூடுகிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

இவர்களில் பலர் நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள். தொடக்கச் சம்பளம் கடனுக்கே போய்விடும். வொர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைத்துவர வழியில்லை. விடியுமுன் கட்டித் தரும் சோற்றுப் பொட்டலம், மதியம் பிரிக்கும்போது ஆறிப்போயிருக்கும். சில நாள் ஊசியும் போயிருக்கும். 2020இல் கொரோனா இவர்களுடைய விடுதிகளில்தான் வேகமாகப் பரவியது. ஓர் அறையில் எத்தனை பேர் நெருக்கியடித்துப் படுத்தார்கள் என்பது அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது.

வங்காளத்தில் ‘தேஷ்’ என்றால் நாடு. பிறந்த கிராமமும் அதுவே. ‘பிதேஷ்’ என்றால் அயல்நாடு. அனுப்பிய பணத்தில் ஊரில் தகர வீடு செங்கல் வீடாகிறது. பணம் அனுப்பியவர் அதை வீடியோ காலில்தான் சுற்றிப் பார்க்கிறார். பிள்ளை முதலடி வைப்பதையும் அதே சின்னத் திரையில்தான் பார்க்கிறார்.

இந்த ஏக்கம் எழுத்தாகவும் வந்திருக்கிறது. 2014இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியில் முதல் இரண்டு ஆண்டும் ஜாகிர் ஹுசைன் கோகன் வென்றார். கட்டுமானத் துறையில் வேலைபார்த்த ஷரீஃப் உத்தீனின் நாட்குறிப்பு நூலுக்கு 2018இல் சிங்கப்பூர் புத்தக விருது கிடைத்தது.